உள்ளது என்று எழுதிய கதவு

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. முழுப் பூசணிக்காயை இனியும் சோற்றில் மறைக்க முடியாது என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கறுப்பு அங்கி போட்ட என் படம் முன்னறைச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதைத் துடைத்துவிட்டுக் காட்டுவாள். பட்டத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை, நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடங்களைப் பார்வையிட்டுப் படிவம் நிரப்புவது. ஒரு நாளைக்குப் பதினோரு இடம். படிவத்தின் பத்தொன்பதாம் கேள்வி: ‘மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை உள்ளதா?’ எதிரே இரண்டு கட்டங்கள். உள்ளது. இல்லை.

அப்படிப் பார்த்த ஓய்விடம் ஒன்றில் நீல போர்டு இருந்தது. போர்டில் சக்கர நாற்காலிப் படம் இருந்தது. சிமெண்டுச் சாய்தளம் இருந்தது, அதன் முடிவில் கதவு இருந்தது. என்னை ஏற்றிவந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் ‘உள்ளது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கதவு திறக்குமா என்று படிவம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

(கடைசி வாக்கியம் வெறும் சாக்கு. அடிக்காமல் விட்டுவைக்கிறேன். யாரிடம் கதை கேட்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.)

2

தொடக்கம் ஒன்று: சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அக்கா –

வேண்டாம். நாற்காலியில் தொடங்கினால் கதை நாற்காலியைப் பற்றியதாகிவிடும்.

தொடக்கம் இரண்டு: விதி அவள் கால்களைப் பறித்தாலும் அவளுடைய தன்னம்பிக்கையை –

இதை எழுதிய கையில் நாலு போட வேண்டும்.

தொடக்கம் மூன்று: அன்று காலை அக்கா தண்ணீர் குடித்தாள்.

இது நிற்கட்டும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சொல்கிறேன். அக்கா வெளியூர் போவதென்றால் முந்தின நாள் மதியமே வாயைக் கட்டிவிடுவாள். சோறு பாதி, தண்ணீர் இல்லவே இல்லை. இரவு படுக்கும் முன் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொள்வாள். பயணம் முடிந்து இரண்டு நாள் தலைவலி. போன வருடம் சிறுநீரில் தொற்று வந்து ஒரு வாரம் படுத்தாள். வீட்டில் யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசியதில்லை. மழைக்குக் குடை எடுப்பதுபோல, பயணத்துக்குத் தாகம் எடுத்துக்கொள்வாள்.

இந்த முறை எட்டு மணி நேரப் பேருந்து. வழியில் ஒரே நிறுத்தம். அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பவள். கடைக்குப் புது இயந்திரம் வந்திருந்தது. வெளியூரில் மூன்று நாள் பயிற்சி. தேறிவந்தால் அந்த இயந்திரம் அவள் கைக்கு. இல்லையென்றால் நேற்று வந்த இன்னொருவர் கைக்கு.

புறப்படும் காலை, அம்மா நீட்டிய தம்ளரை அவள் ஒதுக்கிவைத்தபோது நான்தான் பெரிய மனுஷியாக நடுவில் புகுந்தேன்.

“பஸ் நிக்கிற எடத்துல உனக்குன்னு பாத்ரூம் இருக்குக்கா. நானே பாத்து எழுதிக் குடுத்திருக்கேன். பேசாம தண்ணியக் குடி.”

“பாத்தியா, கேட்டியா?”

“பாத்தேன். படிச்சவ சொல்றேன்ல.”

அக்கா தம்ளரை எடுத்தாள். பிறகு அண்ணாந்து ஒரு தம்ளர் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

ஒரு சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மாற்றுத்திறனாளி’ என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை அக்காவிடம் படிக்கக் கொடுத்தபோது அவள் அந்த இடத்தில் நின்றாள்.

“என்ன திறமைய மாத்தி வச்சிருக்கேனாம்? எட்டு மணி நேரம் அடக்கிட்டு உக்காந்திருப்பேனே, அதுவா?”

“படிவத்துல அப்படித்தான் இருக்கு.”

“படிவத்துல பாத்ரூம்கூடத்தான் இருக்கு.”

அடுத்த பகுதிக்குப் போவோம்.

4

இது அக்கா சொன்னது. வெயிலின் மினுக்கம் மட்டும் என்னுடையது.

மதியச் சாலை உருகிக் கிடந்தது. தூரத்தில் தார் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. பேருந்து கிட்டே போனதும் அது எழுந்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா ஜன்னலில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். நீல ஷால் காற்றில் எழும்பி முகத்தை மூடும். அவள் விலக்காமல் நீலமாகவே உலகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மரங்கள் நீலம். லாரிகள் நீலம். லென்ஸ் தேய்க்கும்போது தேய்ப்புச் சக்கரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி சூடேறி விரிசல் விடும். கண்ணயர்ந்தபோது அந்தச் சொட்டுச் சத்தம் கனவில் கேட்டது. தாகமில்லாத முதல் பயணம். தலை வலிக்கவில்லை. வயிற்றுக்குள் இரண்டு தம்ளர் தண்ணீர் ஒரு சின்னக் குளம்போல் அலையடித்தது. குளம் பெருகத் தொடங்கியபோதும் அவள் பயப்படவில்லை. தங்கை எழுதிக்கொடுத்திருக்கிறாளே.

பேருந்து நின்றது. “பதினஞ்சு நிமிஷம்தான். அப்புறம் யாருக்காகவும் நிக்காது,” என்றார் நடத்துநர். ஆனாலும் அவரே இறங்கி, அடியில் சாமான் பெட்டியைத் திறந்து, மடக்கிய நாற்காலியை எடுத்து விரித்துவைத்தார். அக்கா படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். ஐந்து நிமிடம் அதற்கே போயிற்று. ஏறவும் அவ்வளவு வேண்டும்.

போர்டு இருந்தது. படம் இருந்தது. சாய்தளத்தின் மேல் காலிக் குளிர்பானப் பெட்டிகள் மூன்றடுக்கு இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகக் கையால் தள்ளி வழி செய்துகொண்டு மேலே போனாள். கதவில் பூட்டு. கைப்பிடியில் பழைய துடைப்பத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் தரை கழுவிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா ஒருத்தி நிமிர்ந்தாள்.

“அது பாத்ரூம் இல்லம்மா. சாமான் ரூமு.”

“போர்டு போட்டிருக்கே?”

“அது செக்கிங்குக்கு வர்றவங்களுக்கு. எப்பவோ ஒரு பொண்ணு வந்து எழுதிக்கிட்டுப் போச்சு. சின்னப் பொண்ணு, மொகத்துல ஒரு கோவம். கதவுகிட்டக்கூட வரல.”

“சாவி?”

“மேனேஜர்கிட்ட இருக்கு. அவர் பெட்ரோல் போடப் போயிருக்காரு. தெறந்தாலும் உள்ள நாக்காலியும் மோட்டாருமா கெடக்கும்மா. நானே ஒருக்களிச்சுத்தான் போவேன். அந்தப் பக்கம் மத்தவங்க போற பாத்ரூம் இருக்கு, ஆனா ஏழு படி.”

அக்கா காற்றுத்துளை வழியாக எட்டிப் பார்த்தாள். இருட்டுக்குள் உடைந்த நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பீங்கான் விளிம்பு, பகல் நேரத்து நிலாபோல. கட்டியிருக்கிறார்கள். யாரோ அளந்து, சுவரில் கைப்பிடிகூட வைத்திருக்கிறார்கள். அதில் விளக்குமாறுகள் தொங்கின.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிடம் இருந்தது. அப்புறம் –

5

அப்புறம் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. கதையை எழுதுகிறவளுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்துவிட்டேன்.

“அப்புறம்?”

“அப்புறம் பஸ் கெளம்புச்சு. நான் பஸ்ல இருந்தேன்.”

“நடுவுல?”

“நடுவுல ஆறு நிமிஷம்.”

“நீல ஷால் எங்கக்கா? போறப்ப போட்டிருந்தியே.”

“பறந்துடுச்சு.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். பயிற்சியில் தேறியும் வந்தாள். நாலு நாள் என்னிடம் கோபப்பட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

6

ஆகவே முடிவுகளை நானே செய்கிறேன். எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி ஷால் திரும்பி வரவில்லை என்பது.

முடிவு அ. மேனேஜர் சாவியோடு வருகிறார். பூட்டு தொட்டதும் திறக்கிறது. நாற்காலிகள் தாமாகவே எழுந்து ஒவ்வொன்றாக வெளியே நடந்து போகின்றன. உள்ளே வெள்ளை ஓடுகள் குளிர்ந்து கிடக்கின்றன. சக்கரம் முழு வட்டம் திரும்ப இடமிருக்கிறது. கைப்பிடி கைக்கு எட்டுகிறது, குழாய் எட்டுகிறது, தாழ்ப்பாள் எட்டுகிறது. கதவைச் சாத்திக்கொள்கிறாள். யாரும் தட்டவில்லை. பேருந்து வெளியே மாடுபோல் அசைபோட்டுக்கொண்டு பொறுமையாக நிற்கிறது. எல்லாம் அவ்வளவு சாதாரணமாக முடிந்துவிட்டதால், கைக்கெட்டும் உயரத்தில் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டிய ஷாலை அவள் மறந்து வந்துவிடுகிறாள். ஷாலை மறக்கும் அளவுக்கு நிம்மதி.

முடிவு ஆ. தரை கழுவும் அம்மா விளக்குமாற்றைக் கீழே போடுகிறாள். “வாம்மா, வெக்கப்பட்டா ஆகுமா,” என்று கட்டடத்தின் பின்பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். பேருந்திலிருந்து இறங்கிய இன்னொரு பெண் பின்னாலேயே வருகிறாள். முன்பின் தெரியாத இருவர், ஷாலின் இரண்டு முனைகளைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். நீலச் சுவர் காற்றில் புடைக்கிறது. கிளம்பும்போது அக்கா அந்த ஷாலை அந்த அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டு வருகிறாள்.

முடிவு இ. யாரும் வரவில்லை. மீதித் தூரம் முழுக்க அக்கா ஜன்னலோரமாகவே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஷாலை நாலாக மடித்துத் தனக்குக் கீழே –

இதை முடிக்க மாட்டேன். முடிக்கத் தெரியும், மாட்டேன்.

மூன்றையும் அக்கா படித்தாள். லென்ஸைப் பார்ப்பதுபோலக் காகிதத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“மொத முடிவுல கொக்கிய எங்க வச்ச?”

“கதவுக்கு மேல. எல்லா எடத்துலயும் அங்கதான இருக்கும்.”

“அப்ப எனக்கு எப்படி எட்டும்? கீழ வை.”

கீழே வைத்துவிட்டேன். நீங்கள் படித்ததில் கொக்கி கீழேதான் இருக்கிறது.

“எது சரிக்கா? எதுதான் நடந்துச்சு?”

“உன் கற்பனைல நாக்காலியெல்லாம் நடக்குது. நல்லாத்தான் இருக்கு,” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

7

இடையில் ஒரு காரியம் செய்தேன். பத்தொன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய பதில் தவறு, ‘இல்லை’ என்று திருத்துங்கள் என்று அந்த அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ‘எமது பதிவேட்டின்படி மேற்படி இடத்தில் கழிப்பறை உள்ளது. ஆதாரம்: கள ஆய்வுப் படிவம், நகல் இணைக்கப்பட்டுள்ளது.’ நகலின் அடியில் என் கையெழுத்து. பட்டத்தையும் சேர்த்துப் போட்டிருந்தேன்.

8

நாளைக் காலை அக்கா இரண்டாம் கட்டப் பயிற்சிக்குப் புறப்படுகிறாள். அதே பேருந்து, அதே நிறுத்தம்.

“நானும் வர்றேன்,” என்றேன்.

“வந்து?”

“தூக்கிட்டுப் போறேன்.”

“தூக்கச் சொல்லி எப்பக் கேட்டேன்? கதவு தெறக்கணும்னுதான் கேக்கறேன். அதுக்கு நீ வரவேணாம்டி, சாவி வந்தாப் போதும்.”

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அந்தச் சாலையில் போகிறவர்கள் நீங்கள். எந்தச் சாலை என்று கேட்காதீர்கள். நீல போர்டு உள்ள எதுவானாலும் சரி. தேநீர் ஆறுவதற்குள் நாலடி நடந்து, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். ‘உள்ளது’ என்று சொல்லாதீர்கள். திறந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்காவின் பக்கத்தில் அம்மா ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறாள். அக்கா அதைத் தொடவில்லை. குடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லும்வரை தூசி விழாமல் தட்டு போட்டு மூடிவைத்திருக்கிறேன்.