டாக்ஸி என்பது யாதெனின்

சசிகலாவின் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. அரூர் கார் ஸ்டாண்டு வரிசையில் ஓர் இடம், அவள் கேட்டது அவ்வளவுதான். வரிசையில் நிற்காத வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலைக் கோயில் கூட்டத்தில்கூடச் சவாரி வாய்க்காது. வண்டி இருந்தது, பர்மிட் இருந்தது, பேட்ஜ் இருந்தது. இல்லாதது, ஓட்டுநர் சங்கத் தலைவர் கலைவாணனின் செவிக்கு இனிக்கும் ஒரு சொல்.

கலைவாணன் வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. சொல்லாராய்ச்சி செய்துதான் பார்த்திருக்கிறார்கள். லெட்டர்பேடில் பெயருக்கு முன்னால் 'சொல்வேந்தர்' என்று அவரே அச்சடித்துக்கொண்டார். முடிசூட்டியது யாரென்று கேட்க ஊரில் ஆளில்லை.

முதல் விண்ணப்பத்தில் அவள் 'டாக்ஸி' என்று எழுதியிருந்தாள். "அயற்சொல்" என்று சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிவிட்டார். அடுத்ததில் 'வாடகைக் கார்' என்று எழுதினாள். "கார் என்றால் மேகம். வாடகையோ வடசொல்." மூன்றாவதை, ஸ்டாண்டில் முதல் வண்டிக்காரரான அன்வர் பாஷா சொல்லச் சொல்ல எழுதினாள்: 'கூலி மகிழுந்து ஓட்டுநர்.' அதற்கு வந்த பதில்தான் அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. "சங்க விதிப்படி ஓட்டுநன். ஆண்பால். தாங்கள் அப்பாலில் அடங்கீர்."

அடங்கீர் என்ற சொல்லைப் படித்தபோதுதான் அவளுக்கு உச்சி சுட்டது. சொல் சொல்லாகத் திருத்தி எழுதவைத்துவிட்டு, கடைசியில் பொம்பளைக்கு இடமில்லை என்கிறார். அதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். காரை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டாண்டுக்கே போய், வரிசைக்கு வெளியே நிறுத்தி இறங்கினாள்.

அங்கே புதுப் பலகை திறப்பு நடந்துகொண்டிருந்தது. 'டாக்ஸி ஸ்டாண்டு' என்றிருந்த இடத்தில் இப்போது 'மகிழுந்து நிலையம்'. ஆறு டிரைவர்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருக்க, கலைவாணன் மைக்கைப் பிடித்திருந்தார்.

"டாக்ஸா என்பது இலத்தீன். கட்டணம் என்று பொருள். அதை அளக்கும் மானியின் பெயரே வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. கேப் என்பதோ ஆட்டின் துள்ளலில் பிறந்த சொல். தமிழன் ஆட்டின்மேலா ஏறிப் பயணிப்பது?"

"ஆட்டைத்தான் டிக்கில ஏத்திக்கினு போறோம், சந்தையன்னைக்கி," என்றார் அன்வர் பாஷா, யாரையும் பார்க்காமல்.

"ஏங்க தலைவரே," என்றாள் சசிகலா. "மகிழுந்துன்னு எழுதிட்டீங்க. சாவு வூட்டுக்குப் போறவங்க எதுல போவாங்க?"

சிரிப்பு எழுந்தது. கலைவாணன் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "அம்மையீர், இது ஆய்வரங்கம்."

"ஆய்வுதாங்க நானும் பண்றேன். மீட்டரை வெச்சித்தான் டாக்ஸின்னு பேரு வந்துச்சுன்னீங்க. பாய், அரூர்ல எந்த வண்டிலயாச்சும் மீட்டர் இருக்குதா?"

"நான் ஸ்டீரிங் புடிச்ச நாளா இல்லம்மா."

"அப்ப டாக்ஸின்னா என்னா? நான் சொல்றேன். மஞ்ச போர்டு. அதுல கருப்பு எழுத்து. கவர்மென்டு அகராதில அவ்ளோதான் அர்த்தம். என் வண்டில இருக்குது, பாத்துக்கங்க."

பிறகு வரிசையில் இரண்டாவதாக நின்ற காரின் அருகே போய் நம்பர் பலகையைத் தட்டினாள். வெள்ளை. சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிந்தது, சவாரி ஏற்றக் கூடாதது. உள்ளே தலைவரின் மருமகன் சந்திரமோகன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். எந்த விண்ணப்பத்தையும் அவன் ஒருமுறைகூட எழுதியதில்லை.

"இந்த வெள்ளை போர்டு வடசொல்லுங்களா, தென்சொல்லுங்களா? உங்களுக்குத் தெரியலன்னா சொல்லுங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி கேட்டுக்கினு வரேன்."

மைக் ஒருமுறை கீச்சிட்டது. சொல்வேந்தர் அதை அணைத்தார். மருமகனைப் பார்த்தார், மருமகன் சாலையைப் பார்த்தான். சற்று நேரத்தில் வெள்ளை போர்டு ஹாரன்கூட அடிக்காமல் வரிசையைவிட்டு நழுவி, பஸ் ஸ்டாண்டு முனையில் மறைந்தது. டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அன்வர் பாஷா மட்டும் தன் வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தி, பின்னால் இடத்தை விரித்துவிட்டார்.

சசிகலா காரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தி, சாவியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கோபம் இறங்கவில்லை. கலைவாணன் மெல்ல ஜன்னலோரம் குனிந்தார்.

"விண்ணப்பத்தில் அந்தச் சொல்லை மட்டும்..."

"எந்த வார்த்தை பிரியமோ அதைப் போட்டு நீங்களே எழுதிக்கங்க," என்று கண்ணாடியை ஏற்றினாள். "ரெண்டாவது வண்டி என்து."