மரியகொரெட்டியின் வாயை எதில் சேமிப்பது

1

ஒரு மாமியார் “வாயை மூடு” என்றதில் பிறந்த கதை இது. மூடச் சொன்னது மருமகன் வாயை அல்ல, படத்தின் வாயை.

முதல் தொடக்கம்: “1997, மலேசியா. ரந்தாவ் ரப்பர் மரங்களின் மேல் மழை…” (அடித்துவிட்டேன். மழைக்கு இங்கே வேலை இல்லை.)

இரண்டாவது: ஆம்புரோஸின் மனைவி மரியகொரெட்டி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. தோட்டத்துச் சிற்றாலயத்தில் பூசை. வருகிறவர்களுக்குக் கொடுக்கப் படம் போட்ட நினைவு அட்டை வேண்டும்.

இது நிற்கட்டும்.

2

அவள் நன்றாக விழுந்த படம் ஒன்றுதான். எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பாள். கூரை ஒழுகி, படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது பாதி முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, ரந்தாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் டொனால்ட் அதற்கு முன்பே ஸ்கேன் செய்திருந்தான்.

மாமியார் பெட்ரிசியா பூசை அட்டையில் பல் தெரியக்கூடாது என்றார். எதற்குச் சிரிக்கிறாள் என்று யாராவது கேட்பார்களாம். டொனால்ட் திரையில் அவள் வாயை மூடினான். பிறகு சேலை மாதா நீலத்தில் வேண்டும் என்றார். பிறகு முகம் இன்னும் வெளுப்பாக. ஒவ்வொரு முறையும் டொனால்ட் அதே ஜேபெக் கோப்பின் மேலேயே சேமித்தான்.

பெட்ரிசியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். “என்ன தம்பி, எம்மவ மூஞ்சில பாத்ரூம் டைல்ஸ் ஒட்டி வச்சிருக்க?”

“ஜேபெக் அப்படித்தான்லா ஆன்ட்டி. சேவ் பண்றப்பெல்லாம் கொஞ்சம் தூக்கிப் போட்டுரும்.”

“யாரைக் கேட்டுத் தூக்கிப் போடுது?”

ஆம்புரோஸ் அன்று முதல்முறையாகப் பேசினான். “பழசு இருக்கா?”

(இந்த இடத்தில் கோப்பு வகைகள் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மிச்சம் இவ்வளவுதான்: ஜேபெக் சிறியது, எறிந்து எறிந்துதான் சிறியதாகிறது. டிஃப் எதையும் எறியாது, அதனால் கனம். திருத்தும்போது அடுக்கடுக்காக வைத்தால் மேலே மூடிய வாய் இருக்கும், அடியில் சிரிப்பும் இருக்கும். இந்தப் பத்தியையும் பலமுறை திருத்தினேன். அவள் மங்கியதுபோல—)

3

முதல் ஸ்கேன் இருந்தது. டிஃப். டொனால்ட் அழிக்க மறந்திருந்தான். மூடிய வாயை இம்முறை தனி அடுக்கில் வைத்தான். ஆனால் அச்சகம் சிரம்பானில், படமோ ஒரு பிளாப்பி வட்டில் அடங்காது. எனவே படத்தைக் கிடைமட்டமாகத் துண்டு போட்டு, துண்டுக்கொரு பிளாப்பியாக ஏற்றினான். அச்சகத்தில் ஒட்டிக்கொள்வார்கள். மேலே மார்க்கரில் எழுதினான்: முடி, நெற்றி, கண், மூக்கு.

“எறச்சிக் கடையா வச்சிருக்க?” என்றார் பெட்ரிசியா.

வாய்க்கு மட்டும் இரண்டு பிளாப்பி. மூடியது ஒன்று, திறந்தது ஒன்று. மேலடுக்கை அணைத்ததும் திரையில் பல் வந்தது. பெட்ரிசியா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மாப்ள, மூடினதையே குடுங்க.”

4

முடிவு அ: மூடிய வாய் அச்சாகிறது. அட்டை அழகாக இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். (சொல்வார்கள். அதுதான் பிரச்சினை.)

முடிவு ஆ: சிரிப்பு அச்சாகிறது. பூசையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்ரிசியா மட்டும் அட்டையைக் கவிழ்த்து வைத்து—

முடியவில்லை.

பேருந்து மம்பாவ் தாண்டி, சிரம்பான் வந்து, ஆம்புரோஸ் அச்சகத்தில் நிற்கிறான். மருத்துவமனையில் அவள் வாயை மூடித் துணியால் கட்டியது அவன்தான். இன்னொரு முறை மூட அவனுக்குக் கை வராது. பெற்றவளிடம் மாட்டேன் என்று சொல்ல வாயும் வராது. அச்சகக்காரர் கையை நீட்டுகிறார்.

வாய்ப் பிளாப்பி இரண்டில் ஒன்றை நீங்கள் கொடுத்துவிடுங்கள். நான் பேருந்து நிலையத்தில் இருக்கிறேன்.