வடை மணத்த ஃப்ரீவே

சூடத்தில் அடித்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

1994 தீபாவளி முடிந்த திங்கட்கிழமை காலை, அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வெங்கடாசலம் கொதித்துக்கொண்டிருந்தார். பெட்ரோலிய எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். ஆபீஸ் விட்டு வந்தால் அந்த எண்ணெய்க்கே எதிரி. நிலத்தைத் தரிசாகப் போடு என்று விவசாயிக்குக் காசு கொடுக்கிற நாடு, வண்டி ஓட்ட மட்டும் கடல் தாண்டிக் கப்பல் அனுப்புவானேன்? சோயா எண்ணெயிலேயே தேசம் முழுக்க ஓடலாம் என்று ஒன்பது வருடம் மனுப் போட்டார். கடைசியில் வாஷிங்டனிலிருந்து ஒரு கமிட்டி ஹூஸ்டனுக்கு வந்திருந்தது. அன்றைக்குப் பத்து மணிக்குள் அவருடைய டீசல் கார் சோயா எண்ணெயில் அங்கே போய் நின்றால், நாடு தழுவிய சோதனை. இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

கராஜில் வடிகட்டி வைத்திருந்த டின்னைத் திறந்தார். எண்ணெய் கறுத்திருந்தது.

"சாந்தாமணி, இதுல என்ன பண்ணுனே?" என்று மனைவியைக் கேட்டார்.

"தமிழ்ச் சங்கத்துத் தீபாவளிக்கு இருநூறு பேருக்கு வடை சுட்டனுங்க. நல்ல எண்ணெய் சும்மாதானே கெடந்துச்சு. மிச்சத்தக் கீழயா கொட்டுனேன்? அதே டின்லதான ஊத்தி வச்சிருக்கேன்."

"அது இந்த நாட்டோட ஃப்யூச்சர்."

"அதுக்குத்தான் பெருங்காயம் கம்மியாப் போட்டனுங்க."

வேறு வழியில்லை. அதையே ஊற்றிக் கிளப்பினார். கார் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. புகைதான் வடையாக மணத்தது. ஃப்ரீவேயில் பின்னால் வந்தவர்கள் ஜன்னலை இறக்கினார்கள். தங்கள் எக்ஸிட்டை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே வந்தார்கள்.

"டாட், எவ்ரிபடி இஸ் ஃபாலோயிங் அஸ்," என்றாள் பின் சீட்டிலிருந்த மகள் கயல்.

"வரட்டும். சாட்சிக்கு ஆகும்."

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, நானூற்றுப் பதினேழு வண்டிகளோடு போய்ச் சேர்ந்தார். அதில் ஓர் ஆம்புலன்ஸ். நோயாளி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

கமிட்டித் தலைவர் மைலேஜ் கேட்கவில்லை, எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. சைலன்சர் பக்கம் குனிந்து, "தொட்டுக்கொள்ள என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார். அங்கேயே தீர்ப்பும் சொன்னார்: எரிபொருள் தேறும், ஆனால் நாட்டில் ஒருவரும் வேலைக்குப் போய்ச் சேரமாட்டார்கள். நிராகரிப்பு.

"பெட்ரோல் நாத்தத்துல இத்தன வருஷம் மூச்சு விட்டீங்களே, ஒருத்தன் வாயத் தொறந்தீங்களா? நல்ல வாசனை வந்தா மட்டும் குத்தமா?" வெங்கடாசலம் தமிழிலேயே கேட்டார். மூடிய ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நானூற்றுப் பதினேழு வண்டிகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து, வீடு வரைக்கும் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்.

சூடத்தில் அடித்த சத்தியம் அப்படியே இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல்ல விட்டுப்போனது: வெங்கடாசலத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது.