வலப்பக்கப் பை

தன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் டுவைட் இரண்டு குட்டைக் குழல் ரிவால்வர்களை வைத்தான். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கியது, ஐந்து தோட்டா. மற்றது ஒரு சுற்றுப் பெரிது, ஆறு தோட்டா, நல்ல கனம்.

ஆர்லன் பெரியதைத்தான் முதலில் எடுத்தார். முன்னாள் மருமகன் கோடி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கே வந்து மகள் ரோண்டாவை இழுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிற கடங்காரன். அவன் முறித்த ரோண்டாவின் கைக்குப் போட்ட கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது ஆர்லனின் பொறுப்பு. மகளுக்கும் அவனுக்கும் நடுவே நிற்கப்போவது அவர் ஒருவர்தான்.

"இதுதான் கையில நிக்குது. சின்னது உதைக்குமே" என்றார்.

"உதைக்கத்தான் செய்யும், எடை இல்லையே. ஆனா பெருசை இடுப்புல சொருகிக்கிட்டு வாசல்ல நிப்பியாக்கும்? உன்னைக் கட்டிப்பிடிக்காம எவ உள்ள போறா? மில்ட்ரெட் அக்கா ஒரு தடவை அணைச்சா போதும், பாட்டு முடியுறதுக்குள்ள ஊரு முழுக்கத் தெரிஞ்சிரும்."

ஆர்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ என்னதான் செய்ய?"

"சின்னதை எடுப்பா. கோட்டுப் பையில கச்சிதமா உக்காரும். உறையோட வை. அந்தப் பையில வேற ஒண்ணும் இருக்கக் கூடாது, சாவிகூட. விசையில மாட்டுச்சுன்னா தொலைஞ்சோம்."

ஞாயிறு காலை ஆர்லன் அப்படியே செய்தார். வலப்பக்கப் பையில் குழந்தைகளுக்காக வைத்திருக்கும் பெப்பர்மிண்ட் மிட்டாய்களை ஒன்றுவிடாமல் இடப்பக்கத்துக்கு மாற்றினார். தையல் இடுக்கில் ஒட்டியிருந்த தாள் துணுக்கைக்கூட நகத்தால் எடுத்துப் போட்டார்.

பியானோ தொடங்கியது. ரோண்டா முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது சிவப்பு பிக்கப் வண்டி ஒன்று வளாகத்துக்குள் திரும்பியது. கோடியின் வண்டியும் சிவப்புதான்.

"என்ன தம்பி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" என்று மில்ட்ரெட் அவரை இறுக அணைத்தாள். இரண்டு கையும் அவள் பிடிக்குள். அவள் தோளுக்கு மேலாக அந்த வண்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஆப்பிள் பலகாரத் தட்டோடு பக்கத்துப் பண்ணைக் கிழவர் இறங்கினார்.

ஆர்லன் அப்பாடா என்று மூச்சு விட்டார். மில்ட்ரெட்டும் விலகி உள்ளே போனாள். அப்போதுதான் கோட்டின் வலப்பக்கம் யாரோ இழுப்பது தெரிந்தது.

கீழே பேத்தி பெய்ஸ்லி. நடக்கப் பழகிய நாள் முதல் ஞாயிறு தவறாமல் அவள் துழாவுகிற பை அது. முழங்கைவரை உள்ளே விட்டிருந்தாள்.

"தாத்தா, இன்னைக்கு மிட்டாய் ஏன் இப்படி சில்லுனு இருக்கு?"

ஆர்லன் துணியோடு சேர்த்து அந்தக் கையைப் பற்றினார். அடியில் துப்பாக்கியின் உறை தனியாகக் கழன்று கிடப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது.

"விரலை அசைக்காதடி கண்ணு. தாத்தா சொல்றேன்ல, அசைக்காதே."

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"பண்ணலைடா தங்கம். அப்படியே விட்டுரு... மெதுவா."

குட்டி விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆர்லன் கதவைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையிலிருந்து ரோண்டா திரும்பிப் பார்த்தாள். வாசலில் அப்பா நிற்கிற நிம்மதியில், அந்த வாரம் முழுவதும் சிரிக்காதவள், சிரித்தாள்.