மச்சான் விடாத நோன்பு

முற்றத்துக் குழாயடியில் குனிந்து மச்சான் தொழுகைக்கு ஒளூ செய்கிறார், நனைந்த பனியனுக்குள்ளே முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, காதைத் தடவுகிறார், காலைக் கழுவுகிறார், நான் அடுப்படி வாசலில் நின்று பார்க்கிறேன், இதே முதுகில்தான் துஃபைல் யானை ஏறி வீடு முழுக்கச் சுற்றுவான், வாப்பா மெதுவா, வாப்பா வேகமா, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வான், அப்போது இது அகலமான முதுகு, பிள்ளையையும் தாங்கும், மீன் பையையும் தாங்கும், என்னையும் தாங்கியது, இப்போது துண்டைப் போட்டால்கூட நழுவி விழுகிறது. எங்கள் பிள்ளை துஃபைல் மௌத்தாகி, இறந்துபோய், வருசம் ஒன்றாகப் போகிறது. அன்றிலிருந்து மச்சான், கணவரை அப்படித்தான் நாங்கள் கூப்பிடுவோம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டை விட்டு விலகிப் போய்விட்டார்.

நோன்பு என்றால் ரமளான் நோன்பு இல்லை, அது எல்லோருக்கும் உள்ளது, இது அவராகப் பிடித்துக்கொண்ட நோன்பு, திங்களும் வியாழனும் என்று தொடங்கியது, நல்லதுதானே என்று நானும் விடியுமுன் சஹருக்கு எழுந்து சோறு பொங்கினேன், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு விடுகிற நாளே இல்லை, சஹருக்கு நாலு வாய் கஞ்சி, பொழுதடைந்து நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளிவாசலுக்குப் போனால் இராத் தொழுகை இஷா முடிந்துதான் வருவார், வந்து கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார், எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், இது என் வீடு, உள்ளறை என் கல்யாணத்துக்காக என் வாப்பா கட்டியது, அந்த அறை வாசலை அவர் மிதித்து எத்தனை காலமாயிற்று, விருந்தாளிகூட இதைவிட உரிமையாக இருப்பான். குடிக்கிற புருஷன் என்றால் ஜமாஅத்தில் போய்ச் சொல்லி அழலாம், நோன்பு பிடிக்கிற புருஷனைப் பற்றி யாரிடம் போய் அழுவது, ருகையா லாத்தாவிடம் போனேன், என் கூடப்பிறந்தவள், பெண்கள் தைக்காவில் ஓதிக்கொடுக்கிறவள், நான் வாயைத் திறக்குமுன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குடுத்து வச்சவ நீ, இந்தக் காலத்துல இப்புடி ஒரு பேணுதலான மாப்புள ஆருக்குக் கெடைக்கும் என்றாள், அவள் மாப்பிள்ளையைச் விடியல் தொழுகை சுபுஹுக்கு எழுப்பினால் போர்வையோடு உருண்டு சுவர்ப் பக்கம் போய்விடுவாராம், எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

துஃபைல் போன அந்த வெள்ளிக்கிழமை திரும்பத் திரும்ப வருகிறது, கனவிலும் வருகிறது, கனவில் நான் போன் போடுகிறேன், மணி கடலுக்கடியில் எங்கோ கேட்கிறது, யாரும் எடுப்பதில்லை. துஃபைலுக்குக் காலையிலிருந்து காய்ச்சல், பிள்ளைகளுக்கு வருகிற காய்ச்சல்தான், மருந்து கொடுத்திருந்தேன், நீங்க போயிட்டு வாங்க மச்சான் என்று ஜும்ஆத் தொழுகைக்கு நான்தான் அனுப்பினேன், பள்ளிக்குள் போகும்போது எல்லோரும் செய்வதுபோல் போன் சத்தத்தை அணைத்திருக்கிறார், தொழுகை முடிந்து, பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டில் சாப்பாடு என்று கூட்டத்தோடு கூட்டமாக அப்படியே போய்விட்டார், சத்தத்தைத் திரும்ப வைக்க மறந்துவிட்டார், பிள்ளைக்கு வலிப்பு வந்தது, கண் மேலே போயிற்று, நான் போன் போடுகிறேன், போட்டுக்கொண்டே இருக்கிறேன், பக்கத்து வீட்டு ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினோம், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் மடி கனத்துவிட்டது. யாரோ போய்ச் சொல்லி அவர் ஓடிவந்தபோது கையில் நெய்ச்சோற்று வாசம். யார்மேல் குற்றம் சொல்வது, தொழுகை மேலா, விருந்து மேலா, நீங்க பக்கத்துல இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் அவரிடம் சொன்னார், தலையாட்டினார், அது அவருக்குள் இறங்கவில்லை.

மையத்து வீட்டில், சாவு வீட்டில், அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், அக்கம்பக்கத்திலிருந்து சோறு வந்தது, எனக்குப் பசித்தது, பிள்ளையை அடக்கிவிட்டு வந்த மாலையில் எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன், சாப்பிட்டுவிட்டு அழுதேன், அழுத அசதியில் தூங்கினேன், இந்த உடம்பைப் படைத்த ரப்பு அப்படித்தான் படைத்திருக்கிறான், துக்கத்துக்கு ஒரு பக்கம், பசிக்கு ஒரு பக்கம் என்று இடம் விட்டு, நம் மார்க்கமும் அதற்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லையே, கண்ணீர் விடு, மாரில் அடித்துக்கொள்ளாதே, நோன்பு பிடி, பொழுது அடைந்ததும் திறந்துவிடு, தாமதிக்காதே, தொழு, பிறகு போய் வியாபாரத்தைப் பார், நோயாளியா, நோன்பை விட்டுவிடு, பயணமா, தொழுகையைச் சுருக்கிக்கொள், எங்கே பார்த்தாலும் மனிதன் மனிதனாக இருக்க ஒரு வாசல் திறந்து கிடக்கிறது, மச்சான் ஒவ்வொரு வாசலாகச் சாத்திக்கொண்டு வருகிறார், சாத்திவிட்டு அதற்கு இபாதத், இறைவணக்கம் என்று பெயர் வைக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம், வணக்கசாலி மேல் கோபப்படுகிறேனே என்று என்மேலும் கோபம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்காகக் காத்திருந்தேன், அன்று நோன்பு பிடிப்பது ஹராம், இவர் எங்கே ஓடுவார் பார்ப்போம் என்று குர்பானிக் கறியும் நெய்ச்சோறும் ஆக்கி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டில் இரண்டு பேருக்கும் வைத்தேன், சோற்றில் இரண்டு வாய் எடுத்தார், கறியை விரலால்கூடத் தொடவில்லை, சட்டத்துக்கு அவ்வளவு போதும், என் பக்கத்துச் சோறு குறைந்தது, அவர் பக்கத்துச் சோறு காய்ந்தது. போன வாரம் அவருடைய துணிக்கடையில் ஏணியில் நின்று துணி எடுக்கும்போது மயங்கி விழுந்துவிட்டார், குடல் புண்ணாகியிருக்கிறது, இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர், பள்ளி இமாமே வீட்டுக்கு வந்து மச்சானிடம், மொகுதூம் காக்கா, ஒங்க ஒடம்புக்கும் ஒங்க மேல ஹக்கு, உரிம இருக்குது, ஊட்டுல இருக்கிறவங்களுக்கும் இருக்குது, ஒங்களுக்குத் தெரியாததா என்றார், தெரியும் ஆலிம்சா என்று மச்சான் மரியாதையாகச் சொன்னார், மறுநாள் சஹருக்கு எழுந்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுத்துவிட்டு விதவையாக இத்தா இருக்க என்னால் முடியாது, எனக்கு என் மச்சான் வேண்டும், அவர் சிரிப்பு வேண்டும், அந்த அறையில் அவர் குறட்டை வேண்டும்.

இதோ ஒளூ முடித்து நிமிர்கிறார், துண்டை நீட்டிக்கொண்டே கேட்டேன், மச்சான், நாளையிலேருந்து நானும் நோன்பு புடிக்கிறேன், அனுமதி தாங்க. கணவர் வீட்டில் இருக்கும்போது மனைவி இந்த மாதிரி நோன்பு பிடிக்க அவர் சம்மதம் வேண்டும், அதை அவரால் தட்டிக் கழிக்க முடியாது, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். எதுக்குப் புள்ள என்றார். நீங்க எதுக்குப் புடிக்கிறீங்களோ அதுக்கு. எத்தன நாளைக்கு. நீங்க உடுற வரைக்கும். என் முகத்தைப் பார்த்தார், பார்த்து வெகுகாலமாகியிருந்தது, ஒனக்கு ரத்தம் கம்மி, ஒடம்பு தாங்காது என்றார். தாங்காட்டி என்ன. தாங்காட்டி அது இபாதத் இல்ல, சும்மா ஒடம்பப் போட்டு அடிக்கிறது, என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. ஆருக்காக அடிக்கிறீங்க மச்சான் என்றேன், ரப்பு கேட்டானா, புள்ள கேட்டானா.

குழாய்ப் படியில் அப்படியே உட்கார்ந்தார், ஈரத்திலேயே உட்கார்ந்தார், அன்னைக்குக் கறி நல்லா இருந்திச்சி புள்ள என்றார், என்ன கறி என்று கேட்க வாயெடுத்து எனக்கே புரிந்தது, கல்யாண வீட்டுக் கறி, அவரே சொன்னார், நல்ல பசி எனக்கு, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினேன், எலும்பாப் பாத்துப் போடச் சொன்னேன், உறிஞ்சிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு இருந்தேன், அந்த நேரத்துலதான் அவன், என்றவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கணம் அவரை வெறுத்தேன், உண்மையாகவே வெறுத்தேன், என் மடியில் பிள்ளை, அவர் வாயில் எலும்பு, பிறகு அந்த வெறுப்புக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை, பசித்தவர் தின்றார், நன்றாக இருந்ததை நன்றாக இருந்தது என்று நாக்கு சொன்னது, நாக்கு வேறென்ன செய்யும். பசிச்சிச்சி, தின்னீங்க என்றேன், அன்னைக்குப் பொழுதடைய எனக்கும் பசிச்சிச்சி, நானும் தின்னேன், நான் பெத்தவ.

சாயங்காலத் தொழுகை அஸருக்குப் பாங்கு சொல்கிறார்கள், நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, தானாகப் பிடித்த நோன்பை நடுவில் விட்டால் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும், என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், அடுப்படிக்குப் போய் எனக்கென்று ஆக்கிய கறியில் ஒரு துண்டைச் சோற்றோடு கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன், வைத்துக்கொண்டே இருந்தார், பாங்கு முடிந்தது, பிறகு வாயில் போட்டார், மெல்கிறார், கண்ணீர் தாடிக்குள் இறங்குகிறது, மெல்வது நிற்கவில்லை, எப்புடி இருக்குது என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதோ என்று பதறினேன். விழுங்கினார். நல்லா இருக்குது புள்ள என்றார், என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, அதைச் சொல்லத்தான் இந்த ஒரு வருசமாகப் பயந்துகொண்டிருந்தவர்.