பீப்பாயில் ஓடிய மோட்டார்

"ஜன்னலுக்கு நேரா வைங்க. அப்பா படுத்தபடியே பாக்கணும்," என்று அவள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். தம்பியும் மெக்கானிக்கும் தண்ணீர்ப் பீப்பாயை முற்றத்தில் உருட்டி வந்து நிறுத்தினார்கள். காயப்போட்டிருந்த துணிகளை அவசரமாக உருவித் தோளில் போட்டுக்கொண்ட அம்மா, "இந்த வீட்ல படுத்த மனுஷனுக்கும் நிம்மதி கிடையாது, துவைச்ச துணிக்கும் கிடையாது," என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க வெகுநேரம் பிடித்தது.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதை அவர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அப்பா நேராகவே புரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து படுத்ததும் அவர் கேட்டது மோட்டாரைத்தான். படகில் இருந்த பழைய மோட்டார் மழைக்காலத்திலேயே கையை விரித்துவிட்டது. "மோட்டார் இல்லாத படகை விட்டுட்டுப் போகக் கூடாது. கடையில பாத்த ரெண்டையும் கொண்டுவரச் சொல்லு. ஓடவிட்டுக் கேக்குறேன்," என்றார். எதையும் காதால் கேட்டு வாங்குகிற மனிதர் அவர். மின்விசிறி வாங்கப் போன இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நின்று கடைக்காரரைப் பயமுறுத்தியவர்.

பெரிய மோட்டார் தம்பியின் விருப்பம். அவன் பயணிகள் படகு ஓட்டுகிறவன். "காத்து எழும்பினா ஓடி வர வேணாமாக்கா? மீன் எங்க போயிடப் போகுது?" என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பெரியதை மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி பிடித்து, இருமி இருமி நின்றுவிடும். அப்பாவும் அவளும் பிடிப்பது தூண்டில் மீன். படகு ஆள் நடக்கிற வேகத்தில் போனால்தான் மீன் இரையைத் தொடும். பழைய மோட்டாருக்கும் அந்தப் பொறுமை இருந்ததில்லை. அதனால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார்கள். வாளி தண்ணீரை அள்ளிப் பிடித்துப் படகைத் தாமதப்படுத்தும். படகுத்துறையில் அப்பாவுக்கு நத்தை என்றே பெயர். "நத்தை வீட்டையே தூக்கிட்டுப் போகுது. உன்னால முடியுமா?" என்று அவரும் விடமாட்டார்.

அவள் விரும்பியது சின்ன மோட்டார். விசை குறைவு, ஆனால் தண்ணீரைத் தள்ளும் விசிறி பெரியது. நிதானமாகச் சுற்றிப் படகைத் தள்ளும். வாளி தேவைப்படாது.

படகு யாருக்கு என்று அப்பா இதுவரை வாய் திறக்கவில்லை. எந்த மோட்டார் என்று சொல்லிவிட்டால் அதையும் சொன்னதாகிவிடும். இது அவளுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். இருவரும் மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தப் படகு வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும் அளவுக்கு வேண்டும்.

முதலில் பெரியதைப் பீப்பாயின் விளிம்பில் மாட்டினார்கள். தம்பி கயிற்றை இழுத்ததும் அது உறுமியது. ஒரு வேகத்தில் அவன் முறுக்க, பீப்பாய்த் தண்ணீரில் பாதி எழும்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. "குளிப்பாட்டவும் செய்யுமா இது?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். மெக்கானிக் விசையைக் குறைத்துக் குறைத்துக் காட்டினார். அப்பா கண்ணை மூடியபடி கிடந்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

பிறகு தண்ணீர் நிரப்பி, சின்னதை மாட்டினார்கள். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் குறைக்கக் குறைக்க, சத்தம் தேய்ந்து, பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் முனகுவது போல ஆனது. பீப்பாய்த் தண்ணீரில் விழுந்த வெயில் ஜன்னல் வழியாக ஏறி மேற்கூரை முழுவதும் நெளிந்தது. சுவர், அலமாரி, மருந்துப் புட்டிகள், எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் மெல்ல மெல்ல நகர்ந்தது. கட்டில்கூட நகர்வதாக அவளுக்குத் தோன்றியது. அப்பா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

"எங்க இருக்கோம்?"

என்ன சொல்வதென்று அவள் யோசிக்கவில்லை. "முனையைத் தாண்டிட்டோம்பா," என்றாள்.

"மீன் இருக்கா?"

"இருக்கும்பா. மெதுவாத்தானே போறோம்."

அவர் கை போர்வைக்கு வெளியே வந்தது. ஆட்காட்டி விரல் வளைந்து, தூண்டில் நரம்பைத் தாங்குவது போல நின்றது. அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். கூரையில் வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது.

"வாளியை உள்ள தூக்கிடு," என்றார் அப்பா. "இனி அது வேணாம்."

"சரிப்பா."

அதன்பின் அவர் எதுவும் பேசவில்லை. விரல் வளைந்தபடியே இருந்தது. முகத்தில் சிரிப்பு போல ஒன்று இருந்தது. அது அசையாமல் இருக்கிறது என்பதை அவள் கவனிக்கச் சிறிது நேரம் ஆனது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ மோட்டாரை அணைக்கப் போனபோது அம்மா, "ஓடட்டும், விடுங்க," என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் அந்த முனகலுக்கு மேலே குரலை உயர்த்தாமல் பேசினார்கள். நாற்காலிகள் வந்தன. கடல் எந்தப் பக்கம் என்று தெரியாத உறவுக்காரர்கள்கூட ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெட்ரோல் தீர்ந்து மோட்டார் தானாக நின்றபோது கூரையில் வெளிச்சம் இல்லை. அப்போதுதான் அம்மா அழுதாள்.

தம்பி அவளைத் தனியே கூப்பிட்டான். அவன் கண்கள் சிவந்திருந்தன. "அக்கா, கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

வாளியைப் பற்றி அவர் சொன்னது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கேட்டவள் அவள் ஒருத்திதான். போய்விட்டவர் சொன்னதாக, இருப்பவள் சொல்கிற பேச்சு, அதிலும் தனக்கே ஆதாயமான பேச்சு. தம்பி நம்புவான். நம்பிவிட்டு, என்றாவது ஒருநாள் தூக்கம் வராமல் புரளும்போது சந்தேகப்படுவான். அதை அவளால் தாங்க முடியாது.

"மீன் இருக்கான்னு கேட்டாரு," என்றாள்.

அப்பாவைக் கொண்டுபோய் விட்டு வந்த மறுநாள், ஒரு மோட்டாரைத் திருப்பி எடுத்துப் போக மெக்கானிக் தள்ளுவண்டியோடு வந்தார். அவள் வெளியே வரவில்லை. கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். எதை எடுக்கச் சொன்னாலும் முகத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முற்றத்தில் பேச்சே இல்லை. பிறகு இரண்டு ஆண்கள் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்குவது கேட்டது. வண்டி கிறீச்சிட்டது. சின்னதைத் தூக்க ஒரு ஆள் போதும்.

ஈரக் கையோடு அவள் வாசலுக்கு வந்தாள். வண்டி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏன்டா?"

தம்பி கையைத் துடைத்துக்கொண்டான். "பெருசு ஓடினப்ப அப்பா கண்ணையே தொறக்கல. சின்னது ஓடினப்ப மீன் பிடிச்சுட்டு இருந்தாரு. நானும் ஜன்னல் வழியா பாத்துட்டுத்தானே இருந்தேன்." பிறகு, "காத்து எழும்புறதுக்கு முன்னாடி திரும்பிடணும். அதை மட்டும் எனக்குச் சத்தியம் பண்ணு," என்றான்.

"வாளியைத் தூக்கிடச் சொன்னாருடா," என்றாள் அவள்.

"தெரியும். சொல்லாம வச்சிருக்கேன்னு உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு."

கரையில் மோட்டாரைப் படகின் பின்பக்கம் மாட்டி, திருகுகளை இறுக்கினார்கள். தம்பி முதலில் ஏறினான். எந்தப் படகில் கால் வைத்தாலும் நேராக மோட்டாரின் கைப்பிடிக்குப் போகிறவன், குனிந்து, பலகைகளைத் தாண்டி முன்னால் போய், பயணிகளைப் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கால் தண்ணீரில் அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு பின்பலகையில் ஏறி உட்கார்ந்தாள். படகு அவள் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து, நிலைகொண்டது.