ஒரு சாண் தூக்கி நிறுத்து

துறைமுகத்தின் அந்தப் பாதுகாப்புக் கையேட்டை எழுதியவன் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று மேனேஜர் விரட்டியதில், மூன்றே நாளில் நாற்பத்திரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். துறைமுகத்தில் ஒருவரும் அதைப் புரட்டியதில்லை. கப்பலில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிற நானே புரட்டியதில்லை.

போன வாரம் பலத்த காற்று. கன்டெய்னர் பெட்டி அடுக்கின் மேல் ஏற மாட்டேன் என்ற தொழிலாளி நெட்டையனை மேனேஜர் சஸ்பெண்ட் செய்தார். காற்றில் ஏறக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறதே என்று சங்கம் கேட்டதற்கு, அது தணிக்கைக்காக எழுதியது என்றாராம். சங்கத்தின் செயலாளர் என் தங்கை, கிரேன் ஓட்டுகிறவள். வேலைநிறுத்தம் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. இனிமேல் கையேட்டில் உள்ளபடி மட்டும் வேலை செய்வோம் என்று கடிதம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மணிக்கு முப்பது பெட்டி ஏறிய இடத்தில் பதினாலு ஏறியது. வெளியே மூன்று கப்பல்கள் காத்துக் கிடந்தன. சரக்குக்காரர்கள் போனிலேயே மேனேஜரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். விதிப்படி வேலை செய்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது? மனுஷன் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். உன் தங்கை ஒரே ஒரு விதியை மீறினாலும் போதும், அவளையும் நெட்டையனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம், எழுதிய உன் கண்ணுக்குத்தான் அது தெரியும் என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கையேட்டை வைத்தே என் கப்பலை நிறுத்தியவள் மேல் எனக்கும் எரிச்சல் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து கிரேனுக்குக் கீழே கையேடும் கையுமாக நின்றேன். லாரியிலிருந்து பெட்டியை எடுக்கும்போது முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்த வேண்டும். பெட்டியை லாரியோடு பிணைக்கிற நாலு மூலைப் பூட்டும் விடுபட்டதைக் கீழே இருப்பவர் பார்த்துக் கை காட்டிய பிறகுதான் மேலே தூக்க வேண்டும். பக்கத்தை நிரப்ப நான் எழுதிய விதி அது. ஒரு பெட்டிக்குக்கூட அவள் அதை விடவில்லை. இருபது டன் இரும்பைத் தூங்குகிற குழந்தையைப் போலத் தூக்கினாள். தப்புப் பிடிக்க வந்தவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு பெட்டி ஒரு சாண் எழும்பி நின்றது. கீழே இருந்தவர் நிறுத்து என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். பின்பக்கப் பூட்டு ஒன்று விடுபடவே இல்லை; பெட்டியோடு லாரியின் பின்சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருந்தது. டிரைவர் உள்ளே உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய வேகத்தில் இழுத்திருந்தால் லாரியோடு அவரும் மேலே போய் விழுந்திருப்பார். அவள் மெல்ல இறக்கினாள். பூட்டைத் திறந்தார்கள். மறுபடியும் ஒரு சாண் தூக்கி நிறுத்தினாள்.

மேனேஜரிடம் ஒரு பக்க அறிக்கை கொடுத்தேன். இன்று தப்பு எதுவும் நடக்கவில்லை, எட்டு வருஷமாக நாம் செய்ததுதான் தப்பு, நெட்டையன் செய்தது சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலைச் சங்கத்துக்கும் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் சஸ்பெண்ட் ரத்தாகி நெட்டையன் வேலைக்கு வந்தான். பூட்டுச் சோதனை நிலைத்தது. மற்றதில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்ததில் மணிக்கு இருபத்தாறு பெட்டி ஏறியது. கப்பல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

நெட்டையன் திரும்பி வந்த அன்று சாயங்காலம் கிரேன் ஏணியிலிருந்து இறங்கி வந்த தங்கை கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "நேத்து என்னைப் பிடிக்கத்தானே வந்து நின்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"தெரியும்ண்ணே. கீழ நீ நிக்கிறதைப் பாத்ததும், பூட்டைப் பாக்க இன்னும் ஒரு ஆள் இருக்குன்னு நிம்மதியா ஓட்டினேன்."